தியே குவான்யினைத் தாண்டினால் என்ன இருக்கிறது? (அதிகம் பேசப்படாத சீன ஊலோங்குகள்)

பால்வேண்டாம் | 9 மார்ச் 2024, இரவு 9:14

சீன ஊலோங்கில் (பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் நடுவே, பாதி புளிக்க வைத்த தேயிலை) சரக்கு இரண்டுதான்: தியே குவான்யின், தா ஹொங் பாவ். பென் ஷான், மாவ் ஷியே, சீ லான், ஃபோ ஷோவ் என்று பட்டியலில் வருவதெல்லாம் அவற்றின் மலிவுப் பதிப்பு. இது என் கட்சி. தவறென்றால் எதை எப்படிப் போட்டுக் குடித்தால் அது தெரியும் என்று சொல்லுங்கள். 'மென்மையான மலர் மணம்' என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். எல்லாப் பொட்டலத்திலும் அதுதான் அச்சடித்திருக்கிறது.

கொதிகெண்டி | 9 மார்ச் 2024, இரவு 11:02

பாதி சரி. சீனாவின் தென்கிழக்குக் கடற்கரை மாகாணமான ஃபூஜியனின் தெற்கே ஆன்ஷி மாவட்டத்து வியாபாரிகளிடம் 'ஸ ஜோங்' என்று ஒரு பெயர் புழங்குகிறது. தியே குவான்யின் அல்லாத செடிகளின் இலையைச் சேர்த்துக் கட்டிய மூட்டை அது. மாவ் ஷியே, பென் ஷான், சீ லான், மெய் ஜான் எல்லாம் அதற்குள் போகும். மூட்டைக்குள் போனதால் தனிப் பெயர் தொலைந்தது, அவ்வளவுதான். அந்த இலைகளிலேயே நல்லதைத் தனியாக எடுத்து தியே குவான்யின் என்று விற்பவர்களும் உண்டு. 'மலிவுப் பதிப்பு' என்று நீங்கள் ஒதுக்குவதை முழு விலை கொடுத்து ஏற்கெனவே குடித்திருக்கலாம்.

சோதிக்க வழி: 5 கிராம் இலை, 110 மில்லி காய்வான் (தட்டும் மூடியும் உள்ள பீங்கான் கிண்ணம்), கொதிக்கும் நீர். அதே இலையில் மறுபடி மறுபடி ஊற்ற வேண்டும்: முதல் தண்ணி 2 நிமிடம், இரண்டாவது 3, மூன்றாவது 5. சீனாவில் தொழில்முறைச் சுவைஞர்கள் ஊலோங்குக்கு வைத்திருக்கும் அளவு இது. குடித்து ரசிக்க ஏற்றதல்ல, குற்றம் கண்டுபிடிக்க ஏற்றது. மணத்தை மூடியின் உட்புறம் முகர வேண்டும். மூன்றும் முடிந்ததும் இலையை வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு விரியுங்கள். பொட்டலம் பொய் சொல்லும், நனைந்த இலை சொல்லாது.

தியே குவான்யின்: இலை தடிப்பு. ஓரம் நெளிநெளியாக இருக்கும், நுனி ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். செடியில் இளங்குருத்து செவ்வூதா.

பென் ஷான்: மேற்கண்டதற்கு நெருங்கிய சொந்தம். காம்பைப் பாருங்கள். மெலிந்து, கணுக்கணுவாக மூங்கில் குச்சி போல இருக்கும். முதல் இரண்டு தண்ணியில் நன்றாக ஏமாற்றும், நான்காவதில் கை விட்டுவிடும். தியே குவான்யின் ஏழு வரை நிற்கும்.

மாவ் ஷியே: பெயருக்கு 'ரோம நண்டு' என்று பொருள். இலை ஓரப் பற்கள் ஆழமாக, நெருக்கமாக, முன்னோக்கி வளைந்து நண்டுக் கொடுக்கு மாதிரி இருக்கும். குருத்தில் வெண்ரோமம் நிறைய. எல்லாவற்றிலும் சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடியது இதுதான். எளிதில் வளரும், விளைச்சல் அதிகம், விலை குறைவு. கிட்டத்தட்ட மல்லிகைப் பக்கம் சாயும் மணம், தண்ணீர் இலேசு. ஆழமாகப் புளிக்க வைத்தால் அந்த மணம் போய்விடும், பதிலுக்கு எதுவும் வராது.

ஹுவாங் தான்: இதிலிருந்து செய்த தேயிலைக்குப் பெயர் ஹுவாங் ஜின் குய். இலை மெலிசு, மஞ்சள் கலந்த பச்சை. ஏப்ரல் நடுவிலேயே பறிக்கலாம், தியே குவான்யின் மே தொடக்கத்தில்தான் வரும். ஓஸ்மந்தஸ் பூ மணம் என்பார்கள். அது நம் பக்கம் இல்லை. மனோரஞ்சிதத்தில் பூவா பழமா என்று குழம்பவைக்கும் ஒரு வாசம் வருமே, அந்த ஜாதி. உள்ளூரில் 'வானை ஊடுருவும் மணம்' என்றே சொல்கிறார்கள். உடல் (வாயில் உணரும் கனம்) மட்டும் இல்லை. 2 நிமிடம் விட்டால் துவர்ப்பு, 15 நொடியில் ஊற்றிவிட்டால் வாசனை மட்டும்.

பால்வேண்டாம் | 12 மார்ச் 2024, இரவு 8:40

என்னிடம் உள்ள 'தியே குவான்யின்' இலையை விரித்துப் பார்த்தேன். நெளிவு, பல், நுனி எதையும் பார்க்க முடியவில்லை. எல்லா இலைக்கும் ஓரமே இல்லை, எலி கடித்த மாதிரி. தரமில்லாத சரக்கா?

கொதிகெண்டி | 12 மார்ச் 2024, இரவு 9:25

தரமில்லாதது இல்லை, நாகரிகம். ஊலோங்கை மூங்கில் தட்டிலோ உருளையிலோ குலுக்கும்போது இலை ஓரங்கள் அடிபட்டுச் சிவக்கும். நடு பச்சை, ஓரம் சிவப்பு என்பதுதான் பழைய அடையாளம். பச்சைப் பாணி (இலேசாக மட்டும் புளிக்க வைத்துப் பச்சையாகவே நிறுத்துவது) பரவிய பிறகு, தேநீர் தெளிந்த பச்சையாகத் தெரிய வேண்டும் என்று வாங்குபவர்கள் கேட்டார்கள். அதனால் சூட்டில் வாட்டி எடுத்த இலையைத் துணியில் கட்டி உதறி, சிவந்த ஓரத்தை உடைத்துத் தள்ளிவிடுகிறார்கள். ஓரம் போனால் அடையாளமும் போகும். இதனால் யாருக்கு வசதி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காம்பும் நரம்பும் மிஞ்சியிருக்கும். பென் ஷானா என்று பார்க்க அது போதும்.

இன்னொன்று: அந்தச் சரக்கில் மோர் புளித்த மாதிரி ஒரு புளிப்பு மணம் வந்தால் பயப்பட வேண்டாம். சூட்டில் வாட்டுவதை மறுநாள் வரை தள்ளிப்போட்டு வேண்டுமென்றே வரவழைப்பது. எனக்குப் பிடிக்காது. அது செடியின் மணத்தை மூடிவிடும், எந்தச் செடியில் செய்தாலும் ஒரே மாதிரி ஆகிவிடும்.

கிள்ளான்வாசி | 15 மார்ச் 2024, காலை 7:50

ஃபோ ஷோவைப் பட்டியலில் போட்டுவிட்டு எல்லாரும் ஆன்ஷியிலேயே நிற்கிறீர்கள். அது பக்கத்து யோங்சுன் மாவட்டத்துச் சரக்கு. இங்கே மலேசியாவின் கிள்ளானில் பாக் குட் தே (பன்றி எலும்பு சூப்) கடைகளில் தியே குவான்யின், ஷுய் ஷியன் வரிசையில் இதுவும் கிடைக்கும். (சூப்பில் தேயிலை கிடையாது, பக்கத்தில் வைக்கும் கெண்டிக்குத்தான்.) கொழுப்பு உணவோடு குடிக்க இதை விஞ்சியது இல்லை.

இடையில் ஒன்று. நாம் 'தேயிலை' என்கிறோமே, அந்தத் 'தே' இந்தக் கடற்கரைப் பேச்சுதான். ஆன்ஷி, யோங்சுன், சியாமென் எல்லாம் ஹொக்கியன் பேசும் ஊர்கள். அங்கே சா இல்லை, தே. டச்சுக்காரர்கள் கப்பலில் ஏற்றியது அந்தச் சொல்லைத்தான். இலங்கைத் தேத்தண்ணிக்கும் அதே வேர். பஞ்சாபிலும் வங்கத்திலும் சொல்லும் 'சா' வேறு வழியாக வந்தது.

கொதிகெண்டி | 15 மார்ச் 2024, இரவு 10:10

ஃபோ ஷோவ் என்றால் 'புத்தர் கை', அதாவது விரல் விரலாகப் பிரிந்து காய்க்கும் நார்த்தை. செடியின் இலை நார்த்தை இலை மாதிரியே உருண்டு, பெரிதாக, மேடு பள்ளமாக இருக்கும். பற்கள் மழுங்கி இடைவெளி விட்டு நிற்கும். தேயிலை ஒட்டு நார்த்தை மரத்தில் வைத்ததால் வந்தது என்று ஒரு துறவிக் கதை ஓடுகிறது. கதையாகவே இருக்கட்டும், தேயிலையும் நார்த்தையும் ஒட்டாது.

சிவப்புக் குருத்து, பச்சைக் குருத்து என இரண்டு உள்வகை. சிவப்பைத்தான் உயர்வாகச் சொல்வார்கள்.

இலை பெரிது, காம்பு தடிப்பு. கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது. இலை வாடிவிடும், காம்பில் ஈரம் நிற்கும். அவசரப்பட்டு வறுத்தால் மேலே காய்ந்து உள்ளே பச்சை வாடை. வாடவிடும் நேரத்தையும் குலுக்கலுக்கு நடுவே கிடத்தி வைக்கும் நேரத்தையும் நீட்டிக்க வேண்டும். நன்றாகச் செய்ததில் பேரிக்காய் மணம் வரும், நாரத்தைத் தோல் அதன் பின்னால் மெல்ல. சரியாகச் செய்யாததில் அவித்த கீரை.

உருண்டைகள் பெரிது, முடிச்சு முடிச்சாக, காய்ந்த சிப்பிச் சதை மாதிரி. 7 கிராம் எடுத்தால் கிண்ணத்தில் கொஞ்சமாகத் தெரியும். அதை நம்பி மேலும் போட்டால் மூன்றாம் தண்ணியில் மூடியைத் தூக்கிவிடும். முதல் தண்ணி 25 நொடி, இரண்டாவது 20, மூன்றாவது 15, பிறகு கூட்டுங்கள். தேங்காய்ப்பாலில் முதல் பால்தான் உசத்தி, இதில் மூன்றாம் பால். கசப்பு குறைவு என்பதால் கை நடுங்கினாலும் மன்னிக்கும்.

ஏலக்காய் | 16 மார்ச் 2024, மதியம் 1:15

பெயர் விஷயத்தில் உதவி வேண்டும். ஹுவாங் ஜின் குய், ஷுய் ஜின் குய், ரோ குய். மூன்றும் உறவா? கடையில் முதலாவதைக் கேட்டால் இரண்டாவதைக் கொடுத்தார்கள், விலை நான்கு மடங்கு.

கொதிகெண்டி | 16 மார்ச் 2024, மதியம் 2:05

தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்று. சீனத்தில் ஆமைக்குச் சுரம் மாறுகிறது, பொருளோ மூன்றிலும் மாறுகிறது. ஹுவாங் ஜின் குய்யில் குய் ஓஸ்மந்தஸ் பூ: ஆன்ஷி, உருண்டை. ஷுய் ஜின் குய்யில் குய் ஆமை: வடக்கு ஃபூஜியனின் வூயி மலை, நீட்டு முறுக்கு, நாலு பேர்பெற்ற புதர்களில் ஒன்று. ரோ குய் என்பது லவங்கப்பட்டை: அதுவும் வூயி, வேறு செடி. பூ, ஆமை, பட்டை. அடுத்த முறை உருண்டையா முறுக்கா என்று பார்த்தாலே பணம் தப்பும்.

ஏலக்காய் | 16 மார்ச் 2024, மதியம் 2:11

ஆமை விலை கொடுத்தேன். மெதுவாகக் குடிக்கிறேன்.

கொதிகெண்டி | 24 மார்ச் 2024, மாலை 6:30

பால்வேண்டாத்தின் கட்சியை உடைக்க ஒரே தேயிலை போதும் என்றால் நான் கையில் எடுப்பது ஜாங்பிங் ஷுய் ஷியன். இதற்குப் பெரிய அண்ணன் யாரும் இல்லை. எதற்கும் மலிவுப் பதிப்பாக முடியாது, ஏனென்றால் இப்படி வேறொன்று ஊலோங்கில் மரபாகச் செய்யப்படுவதில்லை: சதுர வில்லை.

மேற்கு ஃபூஜியனில் லோங்யான் பகுதியில் ஜாங்பிங். செடி ஷுய் ஷியன், வூயியில் உள்ள அதே வகை. பெரிய, தடித்த, பளபளப்பான இலை, அகன்று தட்டையான காம்பு. வாட்டி, குலுக்கி, சூட்டில் நிறுத்தி, உருட்டிய இலையை ஈரமாக இருக்கும்போதே மர அச்சில் அடைத்து அழுத்துவார்கள். சுமார் 5 செ.மீ. சதுரம், 1 செ.மீ. கனம். வெள்ளைக் காகிதத்தில் மடித்து ஒட்டி, காகிதத்தோடேயே கனலில் உலர்த்துவது. எடை 8 முதல் 10 கிராம். ஒரு வில்லை, ஒரு அமர்வு, தராசு வேண்டாம்.

எது கெடும்? நடு. ஓரம் காய்ந்து நடுவில் ஈரம் நின்றால் சில வாரங்களில் புளித்த வாடை. ஒரு பொட்டலம் வந்ததும் ஒரு வில்லையைப் பலி கொடுங்கள். இரண்டாக ஒடியுங்கள். 'சடக்' என்று ஒடிந்து, நடுவும் ஓரமும் ஒரே நிறத்தில் இருந்தால் சரி. வளைந்து கிழிந்தால் அந்தப் பொட்டலத்தை உடனே குடித்துத் தீர்க்க வேண்டும், அல்லது திருப்பிக் கொடுக்க வேண்டும். காகிதத்தில் பழுப்பு வளையம் படிந்திருந்தாலும் அதே சந்தேகம்.

போடும் முறை: 130 முதல் 150 மில்லி கிண்ணம். வில்லையைக் கத்தியால் உடைக்கக்கூடாது. தூள் விழும், தூள்தான் கசப்பு. முழுசாக வைத்து, கொதிநீரை வில்லை மேல் நேராக விடாமல் கிண்ணத்தின் சுவரோடு வட்டமாக விடுங்கள். 30 நொடி. இதைக் கீழே கொட்டாதீர்கள். இரண்டாவது 20. இரண்டாவதின் முடிவில் வில்லை தானாக அவிழும். மூன்றாவதில் நேரத்தை 10க்கு இறக்க மறந்தால் துவர்த்துவிடும். நிறைய பேர் 'முதலில் சப்பென்று இருந்தது, பிறகு கசந்தது' என்று எழுதுவதற்குக் காரணம் நேரத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டே போனதுதான். இந்த வில்லைக்குக் கடிகாரம் கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

கிள்ளான்வாசி | 25 மார்ச் 2024, காலை 8:05

முதல் தண்ணியைக் கொட்டாதே என்கிறீர்கள். காகிதம் ஒட்டிய பசை?

கொதிகெண்டி | 25 மார்ச் 2024, மாலை 7:00

பசை மடிப்பின் வெளிப்பக்கம். காகிதத் துணுக்கு வில்லையில் ஒட்டியிருந்தால் நகத்தால் எடுத்துவிடுங்கள், போதும். மனம் ஒப்பவில்லை என்றால் ஊற்றிய நொடியே வடித்துவிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ஏலக்காய் | 2 ஏப்ரல் 2024, இரவு 9:48

சீ லான் பற்றி ஒன்றுமே வரவில்லையே. முதல் பதிலில் 'ஸ ஜோங்' மூட்டைக்குள் தள்ளியதோடு சரி.

கொதிகெண்டி | 3 ஏப்ரல் 2024, இரவு 10:20

அது என் தவறு. சீ லான் என்று ஒரு செடி இல்லை, ஒரு குடும்பம். ஆன்ஷி மூட்டைக்குள் போகிற சீ லான் வேறு. தனித்துப் பேச வேண்டியது பாய் யா சீ லான், 'வெண்குருத்து அபூர்வ ஆர்க்கிட்'. ஊர் பிங்ஹே மாவட்டம், ஜாங்ஜோவ் பகுதி. 1,500 மீட்டருக்கு மேல் உயர்ந்த தாச்சின் மலை அங்கேதான். ஊருக்கு வெளியே பிங்ஹே என்றால் பம்ப்ளிமாஸ் பழம்தான் ஞாபகம் வரும். தேயிலை அதன் நிழலில்.

இலை நடுவில் அகன்று இரு முனையும் குறுகி நெசவுத் தறி நாடா மாதிரி. 1996இல் மாகாண அளவில் தனி வகையாக அங்கீகரித்தார்கள். பிறகு வூயிக்கும் கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள். அங்கே உருட்டாமல் முறுக்குகிறார்கள், இலேசாக வறுக்கிறார்கள். ஆக ஒரே செடி, இரண்டு வேடம். பிங்ஹேயில் உருண்டை, பால்வெண்மை கலந்த ஆர்க்கிட் மணம். வூயியில் அதே மணம் கூர்மையாகி முன்னால் துருத்தும். கடைகளில் தா ஹொங் பாவ் என்று வருவது பெரும்பாலும் கலவை: உடலுக்கு ஷுய் ஷியன், காரத்துக்கு ரோ குய், மூக்குக்கு இது போன்ற ஒன்று.

வூயி சீ லானில் ஒரு கோளாறு உண்டு. இலேசான வறுவல் என்பதால் ஆறேழு மாதத்தில் பச்சை வாடை திரும்பும். ஓவனில் 90 டிகிரியில் காகிதத்தில் மெல்லப் பரப்பி ஒரு மணி நேரம், இடையில் ஒரு முறை புரட்டல், ஆறியதும் மூடி ஒரு வாரம். மீளும். தோசைக்கல்லில் செய்யாதீர்கள், என்ன தேய்த்தாலும் எண்ணெய் வாசனை ஏறும். பச்சை வாடைக்குத்தான் இது மருந்து. புளிப்புக்கு இல்லை.

நீலமலை | 14 ஏப்ரல் 2024, காலை 10:30

ஊட்டியில் இருந்து. எல்லாரும் 'கொதிநீர்' என்கிறீர்கள். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்து முடிந்துவிடுகிறது. வூயித் தேயிலை எனக்கு மட்டும் ஊமையாக இருப்பது அதனாலா?

கொதிகெண்டி | 14 ஏப்ரல் 2024, மதியம் 12:12

பெரிதும் அதனால்தான். வெப்பத்தைக் கூட்ட முடியாது, இழக்காமல் இருக்கலாம். கிண்ணத்தை இரண்டு முறை கொதிநீரில் சுட வையுங்கள், ஒரு முறை போதாது. கெண்டியை அடுப்பிலேயே வைத்து ஒவ்வொரு தண்ணிக்கும் மறுபடி கொதிக்க விடுங்கள். மெல்லிய பீங்கானை விடத் தடித்த களிமண் கெண்டி நல்லது. வறுத்த வகைகளுக்கு நேரத்தை ஒன்றரை மடங்காக்குங்கள். ஹுவாங் ஜின் குய், மாவ் ஷியே போன்ற மெலிந்த இலைகளுக்கு உங்கள் ஊர் கொதிநிலையே பொருத்தம். கீழே இருப்பவர்கள் ஆறவைத்துப் பிடிப்பதை நீங்கள் சும்மா பெறுகிறீர்கள்.

பால்வேண்டாம் | 28 ஏப்ரல் 2024, இரவு 11:40

வில்லை வந்தது. ஒடித்தேன், சடக். குடித்தேன். கட்சியிலிருந்து தற்காலிக விலகல்.

அடுத்த மாகாணமான குவாங்தோங் பக்கம் போகலாமா? 'வாத்துப் பீ மணம்' என்று ஒன்றை நண்பர் அனுப்பியிருக்கிறார். கேலி செய்கிறாரா?

கொதிகெண்டி | 30 ஏப்ரல் 2024, இரவு 10:55

கேலி இல்லை. யா ஷி ஷியாங்: சாவ்ஜோவ் பகுதியின் ஃபெங்ஹுவாங் மலையில் விளையும் 'தான் சோங்' (தனிப்புதர்) ஊலோங் வகைகளில் ஒன்று. மணத்துக்கும் வாத்துக்கும் தொடர்பில்லை. பதியன் திருடிப் போகாமலிருக்கச் சொந்தக்காரர் அருவருப்பான பெயர் வைத்தார் என்பது ஒரு கதை, மஞ்சள் மண்ணுக்கு ஊரில் அந்தப் பெயர் என்பது இன்னொன்று. நம் ஊரில் பிள்ளைக்குக் கண்ணேறு படக்கூடாதென்று குப்பை என்று பெயர் வைப்பதுபோல. 2014இல் 'இன் ஹுவா ஷியாங்' என்று கௌரவமாகப் பெயர் மாற்றினார்கள். சந்தை கேட்கவில்லை. சீன நகரங்களின் எலுமிச்சைத் தேநீர்க் கடைகள் பழைய பெயரையே பலகையில் போட்டுப் பிரபலமாக்கிவிட்டன. அதனால் இப்போது அதிகம் பேசப்படாதது என்ற கணக்கில் இது வராது.

வர வேண்டியவை வேறு.

ஷி கு பிங்: அதே மலையில் ஷெ இனத்தவர் வாழும் கிராமம். இலை சிறிது. இலை ஓரச் சிவப்பு நூல் மாதிரி மெலிசாக மட்டும் ஓடும். தான் சோங் கூட்டத்தில் பச்சையாக நிற்பது. தான் சோங்கின் அடிதடி இல்லாத தேயிலை, அதனால் 'சப்' என்று ஒதுக்கிவிடுவார்கள். 6 கிராம், 8 நொடி என்று தொடங்கிப் பாருங்கள்.

பாய் யே: 'வெள்ளை இலை'. 1961இல் பக்கத்து ராவ்பிங் மாவட்டத்து லிங்தோவ் கிராமத்தில், ஃபெங்ஹுவாங் ஷுய் ஷியன் செடிகளுக்கு நடுவே தனித்துத் தெரிந்த செடியிலிருந்து பெருக்கியது. மற்றதைவிட முந்தித் துளிர்க்கும், இலை வெளிர் நிறம், தேன் வாசம் தூக்கலாக. சமவெளித் தோட்டங்களில் நிறைய விளைகிறது. 'மி லான் ஷியாங்' (தேன் ஆர்க்கிட் மணம்) என்று மலிவாக விற்பதில் பெரும்பகுதி இதுதான். தன் பெயரிலேயே விற்றால் நல்ல தேயிலை. உயரமலை மி லான் என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம்.

ஷுவே பியன், 'பனித் துண்டு': இது செடியின் பெயர் இல்லை, குளிர்காலப் பறிப்பு. மணம் வீட்டையே தூக்கும், உடல் காற்று. புதிதாக வந்தவர்கள் முதலில் இதில்தான் மயங்குவார்கள்.

தான் சோங் எல்லாவற்றுக்கும் ஒரே புகார்: கசப்பு. செய்யும் தவறு, நீரை 85க்கு ஆறவைப்பது. கசப்பு கொஞ்சம் குறையும், மணம் மொத்தமாகப் போகும். வெப்பத்தைத் தொடாதீர்கள், நேரத்தை வெட்டுங்கள். 110 மில்லிக்கு 7 கிராம், கொதிநீர், விளிம்போடு வட்டமாக, இலையின் நடுவில் நீர் குத்தாமல். மூடியைப் போட்ட கையோடு வடிக்கத் தொடங்குங்கள், மொத்தம் 5 நொடி. ஆறு தண்ணி வரை அப்படியே. கடைசிச் சொட்டு வரை வடியுங்கள். கிண்ணத்தில் தங்கும் ஒரு தேக்கரண்டி நீர்தான் அடுத்த தண்ணியைக் கெடுக்கிறது. கிண்ணத்தில் இலை போடும்போது முழு இலை அடியிலும் ஊற்றும் வாய்ப் பக்கமும், நொறுங்கல் நடுவிலும். தூள் முதலில் நீரோடு ஓடிவிடாது.

ஏலக்காய் | 1 மே 2024, காலை 6:20

5 நொடிக்குள் ஊற்றி விரலைச் சுட்டுக்கொள்வது எப்படி என்பதையும் எழுதியிருக்கலாம்.

கொதிகெண்டி | 1 மே 2024, காலை 9:00

நீரை மூடியின் இருக்கை வரை நிரப்பாதீர்கள். விளிம்புக்கு அரை விரற்கடை கீழே நிறுத்தினால் விளிம்பு சுடாது. சுடுவது நிரப்பலால்தான்.

பால்வேண்டாம் | 9 ஜூன் 2024, இரவு 8:15

'2024 வூயி, புதுச் சரக்கு' என்று ஒரு கடை பாய் ஜி குவான் தள்ளுபடியில் போட்டிருக்கிறது. வாங்கலாமா?

கொதிகெண்டி | 9 ஜூன் 2024, இரவு 9:37

ஜூனிலா? மே மாதம் பறித்துச் செய்வது கச்சா இலை. அதன்பின் காம்பு பொறுக்க வேண்டும், கரிக்கனலில் மூங்கில் கூடையில் மணிக்கணக்காக வறுக்க வேண்டும், ஆறவிட்டு இன்னொரு முறை. பிறகு சூடு இறங்க வாரங்கள். ஆகஸ்டு கடைசிக்கு முன் வருவது அவசரச் சரக்கு. நாக்கில் கரியும் தொண்டையில் வறட்சியும்தான் மிஞ்சும்.

பாய் ஜி குவான் ஓரளவு விலக்கு. 'வெண்சேவல் கொண்டை': இலையில் பச்சையம் குறைவு, மஞ்சளாகவே துளிர்க்கும். அதைக் கனமாக வறுப்பது வீண், அதனால் முந்தி வரலாம். இருந்தாலும் செப்டம்பர் வரை பொறுங்கள். இலை கருத்திருந்தால் ஒன்று வேறு செடி, அல்லது பொசுக்கியது. அவித்த சோளத்தின் நாரை முகர்ந்ததுண்டா? அந்த இனிப்பு வாசம் இருக்க வேண்டும்.

கொதிகெண்டி | 22 செப்டம்பர் 2024, மாலை 5:45

வூயி இப்போது வாங்கலாம். நாலு பேர்பெற்ற புதர்களை விட்டுவிட்டுக் கீழே பாருங்கள்.

சுவே ஷ, 'சிட்டுக்குருவி நாக்கு': சிறிய, ஒடுங்கிய இலை. மற்றவை முடிந்தபின் கடைசியாகப் பறிப்பது. மணம் மெலிந்து நீண்டு வரும். ஜின் சுவோ ஷி, 'பொற்சாவி': நடுத்தர வறுவலில் நன்று. பாய் ருய் ஷியாங்: கனமான தண்ணீர், சோறு வடித்த கஞ்சி வாசம் மெல்ல, நான்காம் தண்ணியில் உச்சம். 105, 204 என்று எண் மட்டும் எழுதிய பொட்டலங்களும் வரும். அவை ஃபூஜியன் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தியே குவான்யினையும் ஹுவாங் தானையும் கலந்து உருவாக்கிய ஹுவாங் குவான்யின், ஜின் குவான்யின். மார்ச்சில் நான் 'உடல் இல்லை' என்று தள்ளிய ஹுவாங் தானின் மூக்கு இந்தப் பிள்ளைகளில் பாறை மண்ணோடு சேர்ந்து நிற்கிறது. அன்று எழுதியதைத் திருத்த வேண்டும்: ஹுவாங் தானைத் தனியாகக் குடித்து மட்டும் எடை போடக்கூடாது.

'தாய் மரத்து தா ஹொங் பாவ்' என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். அந்த ஆறு செடிகளில் 2006 முதல் பறிப்பே இல்லை.

8 கிராம், 110 மில்லி, கொதிநீர், முதல் நாலு தண்ணி 8 நொடிக்குள்.

கொதிகெண்டி | 29 செப்டம்பர் 2024, இரவு 10:00

விட்டுப்போனது: ஆய் ஜியாவ் ஊலோங், 'குட்டைக்கால்'. வூயிக்குத் தெற்கே ஜியனோவ், தோங்ஃபெங் ஊர். சோங் வமிசத்து அரசவைத் தேயிலைத் தோட்டமான பெய்யுவான் இருந்த வட்டாரம். புதர் தாழ்வு, இலை சிறிது, முறுக்கு வடிவம். இலேசான வறுவலில் பழுத்த பீச் பழ வாசம். தைவானின் சிங் ஷின் ஊலோங்கும் இதுவும் ஒரே செடி.

கிள்ளான்வாசி | 30 செப்டம்பர் 2024, காலை 7:25

'ஒரே செடி' அதிகப்படி. தைவானில் ஜின் ஷுவான் என்ற செடிவகையை உருவாக்கிய வூ ஜென்துவோ 1990இல் ஜியனோவ் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னது, சிங் ஷினின் வேர் இங்கே என்று. மூதாதை வழி என்று எழுதுங்கள்.

கொதிகெண்டி | 30 செப்டம்பர் 2024, இரவு 9:12

சரி. மூதாதை வழி.

ஏலக்காய் | 6 அக்டோபர் 2024, மதியம் 3:33

ஜின் ஷுவான் என்றதும் 'பால் ஊலோங்'. அதையும் ஜின்செங் ஊலோங்கையும் இந்த வரிசையில் சேர்க்கலாமா?

கொதிகெண்டி | 6 அக்டோபர் 2024, மாலை 4:10

வேண்டாம். பால் ஊலோங் என்று வருவதில் பெரும்பாலும் வாசனை ஏற்றியது. காய்ந்த இலையைத் திறந்ததும் பால்கோவா அடித்து, மூன்றாம் தண்ணியில் ஒன்றும் இல்லாமல் போனால் அதுதான். ஜின்செங் ஊலோங் அதிமதுரம் கலந்த பொடி பூசிய உருண்டை. இனிப்பு பொடியுடையது. உள்ளே எந்த இலை என்று பொடி கழுவிய பிறகுதான் தெரியும், பெரும்பாலும் தெரியாமலிருப்பதே நல்லது.

நீலமலை | 20 அக்டோபர் 2024, காலை 11:05

தண்ணீர் பற்றி யாரும் பேசவில்லை. சென்னை உறவினர் வீட்டில் அதே ஹுவாங் ஜின் குய் வாசமே இல்லை, மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி.

கொதிகெண்டி | 20 அக்டோபர் 2024, மாலை 6:18

ஆழ்குழாய்த் தண்ணீர். சுண்ணாம்பு அதிகம், படலம் அதனால். மணம் முதலில் அடிபடுவது ஹுவாங் ஜின் குய்யிலும் பாய் யா சீ லானிலும். கனமாக வறுத்த வூயி ஓரளவு தாங்கும். சுத்திகரித்த தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 20க்குக் கீழே போனால் எதிர்ப்பக்கக் கோளாறு, கூர்மையாகி வெறுமையாக இருக்கும். குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து 50 முதல் 100க்குள் கொண்டுவாருங்கள். நாள் முழுக்கக் கெண்டியில் கிடந்த தண்ணீரை மறுபடி மறுபடி கொதிக்க வைக்காதீர்கள்.

பால்வேண்டாம் | 11 நவம்பர் 2024, இரவு 10:30

பச்சைப் பாணி ஜாங்பிங் 40 வில்லை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தேன். முதல் இருபது அருமை. இப்போது எடுப்பதெல்லாம் மந்தம், ஒடித்தால் வளைகிறது. பொட்டலம் மூடித்தான் இருந்தது.

கொதிகெண்டி | 11 நவம்பர் 2024, இரவு 11:04

குளிர்ந்த பொட்டலத்தை எடுத்தவுடன் திறந்து, ஒரு வில்லை எடுத்து, மீதியை உள்ளே வைத்தீர்களா?

பால்வேண்டாம் | 11 நவம்பர் 2024, இரவு 11:06

ஆமாம். இருபது முறை.

கொதிகெண்டி | 11 நவம்பர் 2024, இரவு 11:20

இருபது முறை அறைக் காற்றின் ஈரத்தைக் குளிர்ந்த வில்லை மேல் படிய விட்டிருக்கிறீர்கள். மழைக்காலம் வேறு. மிச்சத்தை 80 டிகிரியில் காகிதத்தோடு ஒன்றரை மணி நேரம் உலர்த்தி, ஒன்றை ஒடித்துப் பாருங்கள். சடக் வந்தால் ஆறவைத்து மூடி இரண்டு வாரத்தில் குடித்து முடியுங்கள். பச்சை மணம் திரும்பாது, கொஞ்சம் வறுத்த வாசம் வரும். புளிப்பு வந்துவிட்டால் செடிக்குப் போடுங்கள்.

அடுத்த முறை ஐந்தைந்தாகக் காற்றுப் புகாத சிறு பைகளில் பிரித்துக் கட்டி, மீன் குழம்புக்கு எட்டாத மேல் தட்டில். ஒரு பையை முந்தின நாள் இரவே வெளியே எடுத்து, மூடியபடியே காலை வரை விடுங்கள். அறைச்சூட்டுக்கு வந்த பிறகு திற. திறந்த பை மறுபடி உள்ளே போகக்கூடாது.